துணைப்பாடம் துணை வருமா?

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் கணிதம்

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் நம் கைக்கு வரும் தாள்களுள் மிகச் சிறியது துணைப்பாடத் தேர்வுத் தாள். அரைப் பக்கம்கூட இராது. பெயர், பதிவு எண், 'இயற்பியல் அல்லது புள்ளியியல்' என்னும் இரண்டு சொற்கள், கையெழுத்திட ஒரு கோடு. அவ்வளவுதான்! பஸ் பாஸ் விண்ணப்பம் இதைவிடப் பெரியது. அதை நிரப்புவதற்கு நாலு பேரிடம் கேட்கும் மாணவர்கள், இதை நிரப்ப எவரிடமும் கேட்பதில்லை. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் எதை எழுதினாரோ அதையே எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து செல்வோரே மிகுதி. 'எதில் மதிப்பெண் எளிதாக வரும்?' என்ற கேள்வியாவது சில நேரம் எழும். 'எது எதற்குப் பயன்படும்?' என்ற கேள்வி எழுவதே அரிது.

கணிதப் பட்டப்படிப்பில் எந்தப் பாடத்தை எப்பொழுது, எதற்காகப் படிக்கிறோம் என்பதை அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வாறு தேர்ந்தெடுக்க வழிகாட்டுவதைத் துறையும் தன் கடமைகளுள் ஒன்றாகக் கொள்ள வேண்டும். இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது இதனையே.

கேட்க ஆளில்லாத வீடுகள்

நம் கல்லூரி அரசு கலைக் கல்லூரி. இங்குப் படிப்போரில் மிகப் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நானும் அவர்களுள் ஒருவன். என் தந்தை நெல் மண்டியில் மூட்டை தூக்குபவர். தாய் பூக்கட்டி விற்பவர். 'பையன் கணக்குக்குப் படிக்கிறான்' என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையோடு சொல்வார். கணக்கு என்றால் அவருக்குக் கடைக் கணக்கு. அப்பா ஒருநாள், "ஏம்ப்பா, இதைப் படிச்சா எந்த வேலைக்குப் போகலாம்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. மூன்றாண்டுக் காலம் ஒரு ஆணின் உழைப்பு வீட்டுக்கு வராமல் கல்லூரிக்குப் போகிறது என்றால், அதற்கு என்ன கிடைக்கும் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

படித்த பெற்றோர் உள்ள வீட்டில் இக்கேள்விக்கு விடை சாப்பாட்டு வேளையிலேயே கிடைத்துவிடும். சித்தப்பா ஒருவர் வங்கியில் இருப்பார். மாமா ஒருவர் பேராசிரியராக இருப்பார். 'இந்தப் பாடத்தை எடு, அதை விடு' என்று சொல்ல ஒருவராவது இருப்பார். நமக்கு அது இல்லை. நமக்குச் சித்தப்பாவும் மாமாவும் இந்தக் கல்லூரிதான். ஆகவேதான் பாடத் தேர்வு என்பது பிறருக்கு வசதி பற்றிய செய்தி; நமக்கோ வாழ்வு பற்றிய செய்தி.

திறக்கும் கதவுகளும் மூடும் கதவுகளும்

இது மிகைப்படுத்திய பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். சில உண்மைகளைப் பார்ப்போம்.

இந்தியப் புள்ளியியல் பணி என்பது 1961-இல் ஏற்படுத்தப்பட்ட நடுவண் அரசின் உயர்பணி. மத்தியப் பணியாளர் தேர்வாணையம் அதற்குத் தேர்வு நடத்துகிறது. பட்டப்படிப்பில் புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்திருப்பவர் அதற்கு விண்ணப்பிக்கலாம். கணிதத்தை முதன்மையாகக் கொண்டு புள்ளியியலைத் துணைப்பாடமாகப் படித்தவருக்கு அங்கே ஒரு வழி இருக்கிறது. புள்ளியியலையே தொடாதவருக்கு, முதுகலையில் அதனைப் படித்தாலன்றி வழியில்லை. அந்த அரைப் பக்கத் தாளின் விளைவு எவ்வளவு தூரம் செல்கிறது, பாருங்கள்!

பணியாளர் தேர்வு ஆணையம் பட்டதாரிகளுக்கு நடத்தும் ஒருங்கிணைந்த தேர்வை நம் மாணவர் பலர் அறிவர். அதில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் என்று ஒரு பதவி. இரண்டாம் நிலைப் புள்ளியியல் ஆய்வாளர் என்று மற்றொரு பதவி. பெயரைக் கேட்டால் இரண்டும் உடன்பிறப்புகள் போலத் தோன்றும். தகுதியோ வேறு வேறு. முன்னதற்கு மேனிலைப் பள்ளிக் கணிதத்தில் 60 விழுக்காடு பெற்ற எந்தப் பட்டதாரியும் போட்டியிடலாம்; அல்லது பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தாலும் போதும். பின்னதற்கு அது போதாது. மூன்றாண்டுகளிலும், அதாவது ஆறு பருவங்களிலும், புள்ளியியல் படித்திருக்க வேண்டும் என்பது விதி.

எங்கள் துறையில் சில ஆண்டுகளுக்கு முன் படித்த அண்ணன் ஒருவர், முதல் வகுப்பில் தேறியவர், இரண்டு பருவங்கள் மட்டும் புள்ளியியல் படித்தவர். இந்த விதியை அவர் அறிந்தது பட்டம் பெற்று ஓராண்டு கழித்து, விண்ணப்பத்தை நிரப்பும் போதுதான். அறிவில் குறைவு இல்லை. உழைப்பில் குறைவு இல்லை. பதினேழு வயதில் யாரேனும் ஒருவர் ஐந்து நிமிடம் எடுத்துச் சொல்லியிருந்தால், அவர் கணிதத்துக்குப் பதிலாகப் புள்ளியியல் பட்டப்படிப்பிலேயே சேர்ந்திருக்கலாம். அல்லது அறிந்தே இதைத் தேர்ந்து, வேறு பதவிக்கு அப்போதே ஆயத்தமாகியிருக்கலாம்.

மேற்படிப்புக்கும் இது பொருந்தும். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் முதுகலை அறிவியல் சேர்வதற்கான 'ஜாம்' தேர்வில் கணிதத்துக்கு ஒரு தாள், கணிதப் புள்ளியியலுக்குத் தனியே ஒரு தாள் உண்டு. கணிதத் தாளின் பாடத்திட்டத்தைப் பாருங்கள். மெய்ப்பகுப்பாய்வு, நேரியல் இயற்கணிதம், குலக் கோட்பாடு, பல மாறிகளின் நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகியவையே அதன் தூண்கள். நாம் பல மாதம் மனனம் செய்யும் நிலையியலும் இயக்கவியலும் அங்கே இல்லை. இதனால் அவை வீண் என்று நான் கூறவில்லை. எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதை முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும் என்றே கூறுகிறேன். சென்னைக்கு அருகே சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் கணிதத்திலும் தரவு அறிவியலிலும் முதுகலைப் படிப்புகள் உள்ளன. பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்கும் அந்நிறுவனத்தின் பெயரை நம் வகுப்பில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பாடங்களுக்குள் உள்ள உறவு

வேலையையும் மேற்படிப்பையும் ஒருபுறம் வைப்போம். படிப்பதைப் புரிந்து படிப்பதற்கே வரிசை வேண்டும் அல்லவா?

ஒரு சான்று கூறுகிறேன். முதன்மைப் பாடத்தில் தொகையீடு நடத்தும்போது காமாச் சார்பு, பீட்டாச் சார்பு ஆகியவற்றைப் படிக்கிறோம். அங்கே ஒரு கணக்கு வரும். ஒரே தொகையீட்டை இரண்டு முறை எழுதிப் பெருக்கி, இரட்டைத் தொகையீடாக்கி, துருவ ஆயங்களுக்கு மாற்றினால், விடையில் 'பை'யின் வர்க்கமூலம் வந்து நிற்கும். தேர்வுக்கு மிகவும் வேண்டிய கணக்கு என்று அடிக்கோடிட்டுக் கொள்கிறோம். துணைப்பாடத்தில் இயல்நிலைப் பரவல் நடத்தும்போது, அதன் வாய்பாட்டில் இரண்டு 'பை'யின் வர்க்கமூலம் பகுதியில் இருக்கும். அதை ஏன் என்று கேட்காமல் மனனம் செய்கிறோம். முதல் குறிப்பேட்டில் உள்ள கணக்குத்தான் இரண்டாம் குறிப்பேட்டில் உள்ள வாய்பாட்டுக்குக் காரணம்! மொத்த நிகழ்தகவு ஒன்று ஆகவேண்டும் என்பதற்காக அங்கே வந்து அமர்ந்த எண் அது. இரண்டு குறிப்பேடுகளும் ஒரே பையில்தான் இருக்கின்றன. ஆனால் அவை ஒன்றையொன்று அறியாமல் மூன்றாண்டும் கழிந்துவிடுகின்றன.

இதிலிருந்து ஓர் எளிய முடிவு கிடைக்கிறது. தொகையீடு படிக்குமுன் தொடர் சமவாய்ப்பு மாறிகளைப் படித்தால் மனனம் ஒன்றே வழி. படித்த பின் படித்தால் புரிதல் வரும். ஆகவே கணித மாணவருக்குப் புள்ளியியல் துணைப்பாடம் இரண்டாம் ஆண்டில் வருவதே நல்லது. முதலாண்டிலேயே வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், விவரணைப் புள்ளியியலையும் எண்ணி முடிக்கக்கூடிய நிகழ்தகவையும் முதற்பருவத்தில் நடத்திவிட்டுப் பரவல்களைப் பின்னுக்குத் தள்ளலாம்.

அணிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மூன்றுக்கு மூன்று அணியின் சிறப்பியல்பு மூலங்களைக் காண்பதில் நம்மவர் கைதேர்ந்தவர்கள். கெய்லி–ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்க்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். அந்த மூலங்கள் எதற்கு என்று கேட்டால் மௌனந்தான் விடை. பல அளவுகளைக் கொண்ட விவரங்களைச் சில அளவுகளாகச் சுருக்கும் முதன்மைக் கூறு முறை, இம்மூலங்களின் மேல் நிற்பது. கார்ல் பியர்சன் 1901-இல் வித்திட்டு, ஹோட்டெலிங் 1933-இல் வளர்த்த முறை அது. லெஜாந்தர் 1805-இல் வெளியிட்ட இழிவு வர்க்க முறையைப் புள்ளியியலில் 'நேர்கோடு பொருத்துதல்' என்று படிக்கிறோம். நேரியல் இயற்கணிதத்தில் செங்குத்து வீழல் என்று படிப்பதும் அதனையே. ஒன்றைக் கற்றவர் மற்றொன்றில் பாதியைக் கற்றவராவார்.

நம்மில் பலர் அஞ்சி நடுங்கும் மெய்ப்பகுப்பாய்வும் இத்தகையதே. 'ஒருங்குதல்' என்ற சொல்லின் துல்லியம் விளங்காதவருக்குப் பேரெண் விதியும் மைய எல்லைத் தேற்றமும் வெறும் சொற்களே. 'புள்ளியியல் பக்கம் போகிறேன், எனக்கு எதற்குப் பகுப்பாய்வு?' என்பது, 'மாடியில்தானே குடியிருக்கப் போகிறேன், எனக்கு எதற்கு அடித்தளம்?' என்று கேட்பதைப் போன்றது.

இரண்டையும் கற்ற ஒருவர்

கணிதத்துக்கும் புள்ளியியலுக்கும் உள்ள உறவுக்கு நம் நாட்டிலேயே ஓர் உயர்ந்த எடுத்துக்காட்டு உண்டு. 1920-இல் பிறந்த சி.ஆர். ராவ் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். இராணுவ அளவைப் பிரிவொன்றில் வேலை தேடிக் கல்கத்தா சென்றார். வேலை கிடைக்கவில்லை. அங்கே சந்தித்த ஒருவர் வாயிலாக இந்தியப் புள்ளியியல் கழகத்தைப் பற்றி அறிந்து 1941-இல் அங்கே பயிற்சியில் சேர்ந்தார். மகலனோபிஸ் 1931-இல் தோற்றுவித்த கழகம் அது. மகலனோபிஸோ இயற்பியல் பேராசிரியர்! 1941-இல்தான் கல்கத்தாப் பல்கலைக்கழகம் புள்ளியியலில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. ராவ் 1943-இல் அப்பட்டத்தைப் பெற்றார்.

இரண்டாண்டுகள் கழித்து 1945-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் உள்ளதுதான் இன்று கிராமர்–ராவ் சமனிலி என்று உலகம் வழங்குவது. ஒரு மதிப்பீடு எவ்வளவுதான் திறமையாக அமைந்தாலும் அதன் மாறுபாடு ஓர் எல்லைக்குக் கீழே இறங்காது என்று கூறுவது அது. அதன் நிறுவலில் உயிர்நாடியாக இருப்பது எது தெரியுமா? நாம் இயற்கணிதத்தில் படிக்கும் கோஷி–ஷ்வார்ஸ் சமனிலிதான். கணிதத்தில் ஊன்றி நின்றவர் புள்ளியியலில் கால் வைத்தபோது விளைந்த விளைவு அது. 2023-இல் பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், 102-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ராவுக்கு அந்தச் செய்தி ஒரு தற்செயலான சந்திப்பில் கிடைத்தது. மேதைக்குத் தற்செயல் போதும். நம்மைப் போன்ற சாதாரண மாணவருக்குத் தற்செயலை நம்பியிருப்பது சரியாகுமா? நமக்குத் தேவை ஒரு திட்டம்.

விருப்பம் யாருடையது?

இனி, சற்றே கசப்பான ஒன்றைப் பணிவோடு கூற விழைகிறேன். பாடத்திட்டத்தில் 'விருப்பப் பாடம்' என்று ஒரு பகுதி உண்டு. அதன் கீழ் இரண்டு மூன்று பாடங்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் வகுப்பு தொடங்கும் நாளில் அவற்றுள் ஒன்று மட்டுமே கால அட்டவணையில் இருக்கும். பெயர் விருப்பப் பாடம், விருப்பம் யாருடையது?

இதற்குப் பேராசிரியர்களைக் குறை சொல்வது முறையாகாது. இருக்கும் ஆசிரியர் எண்ணிக்கையில் ஒரே நேரத்தில் இரண்டு விருப்பப் பாடங்களை நடத்துவது எளிதன்று. கௌரவ விரிவுரையாளர்கள் பலர் தம் சுமைக்கு மேல் சுமந்துகொண்டிருக்கிறார்கள். ஆறு பேர் ஒரு பாடத்தையும் அறுபது பேர் மற்றொன்றையும் கேட்டால் துறைதான் என்ன செய்யும்? இவற்றையெல்லாம் உணர்ந்தே எழுதுகிறேன். ஆயினும் செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, துறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு வரைபடம். ஆறு பருவங்களின் பாடங்களையும் கட்டங்களாக வரைந்து, எந்தப் பாடம் எதற்கு அடிப்படை என்பதை அம்புக்குறியால் காட்ட வேண்டும். ஓரத்தில் எந்தத் தேர்வுக்கும் எந்த மேற்படிப்புக்கும் எந்தப் பாடங்கள் தேவை என்று எழுத வேண்டும். ஆண்டுதோறும் அறிவிக்கைகளைப் பார்த்துத் திருத்தவும் வேண்டும். வரைந்து தர இரண்டாமாண்டு மாணவர்கள் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இரண்டாவது, முதலாண்டு மாணவர் சேர்ந்த வாரத்தில் ஒரு மணிநேரக் கூட்டம். இறுதியாண்டு மாணவர் இருவரும், படித்து முடித்து வேலையிலோ மேற்படிப்பிலோ இருக்கும் முன்னாள் மாணவர் இருவரும் பேசட்டும். தேர்வுத் தாளை அன்றே வாங்காமல் ஒரு வாரம் கழித்து வாங்கட்டும்.

மூன்றாவது, விருப்பப் பாடத்தை முந்திய பருவத்திலேயே அறிவித்து மாணவர் கருத்தை எழுத்தில் பெறுதல். ஓராண்டு ஒன்று, மறு ஆண்டு மற்றொன்று என்று மாற்றி நடத்தலாம். இயலாதபோது 'சுவயம்' தளத்தின் பாடங்களைப் பயன்படுத்தலாம். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை அதன் வழியே படித்து மதிப்புப்புள்ளி பெற 2021-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் இடமளிக்கின்றன. பல்கலைக்கழகத்தின் ஒப்புதலைப் பெற்றுத் தரக் கல்லூரி முயல வேண்டும்.

நான்காவது, புள்ளியியலுக்குக் கணிப்பொறி அறையில் வாரம் ஒரு மணி நேரம். 'ஆர்' என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. பாடநூலில் உள்ள பத்து எண்களுக்குத் திட்டவிலக்கம் காண்பதோடு நில்லாமல், நம் ஊர் மழை அளவையோ காய்கறிச் சந்தை விலையையோ கொண்டு கற்றால் அந்தப் பாடம் மனத்தில் நிலைக்கும்.

மாணவரின் பங்கு

எல்லாவற்றையும் பிறர் செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்பதும் தகாது. பாடத்திட்ட நூலைத் தேர்வுக்கு முந்திய நாள் மட்டுமே புரட்டுகிற வழக்கத்தை விடுவோம். முதல் வாரத்திலேயே ஆறு பருவங்களையும் ஒருமுறை படிப்போம். இரண்டு வழிகளுக்கும் பொதுவான நுண்கணிதம், அணிகள், நிகழ்தகவு ஆகியவற்றில் முதல் மூன்று பருவங்களுக்குள் ஊன்றி நிற்போம். அதன்பின் ஆசிரியர் பணியா, ஆய்வா, புள்ளியியலா, அரசுத் தேர்வா என்று முடிவு செய்து அதற்கேற்ற பாடத்துக்கு மிகுதியான நேரம் தருவோம்.

'அரசுத் தேர்வுக்குப் பட்டம் ஒன்று போதும், எந்தப் பாடமானால் என்ன?' என்பாரும் உளர். பல தேர்வுகளுக்கு அது உண்மையே. ஆனால் எப்படியும் மூன்றாண்டு செலவாகத்தான் போகிறது. அந்தச் செலவில் ஒரு கதவு திறப்பதற்கும் நான்கு கதவுகள் திறப்பதற்கும் வேறுபாடு இல்லையா? 'இயற்பியல் எடுத்தவர் கெட்டார்' என்று நான் கூறியதாகவும் எவரும் கொள்ள வேண்டாம். வகைக்கெழுச் சமன்பாடுகளில் ஈடுபாடு உள்ளவருக்கு இயற்பியலைவிடச் சிறந்த துணை வேறில்லை. அறிந்து எடுத்தால் எதுவும் துணை. அறியாமல் எடுத்தால் எதுவும் சுமை.

அடுத்த கல்வியாண்டில் நம் துறைக்கு வரும் தம்பி தங்கையரில் பலரும் நம்மைப் போன்ற வீடுகளிலிருந்தே வருவார்கள். அவர்களுக்குச் சொல்ல வீட்டில் ஆளிருக்காது. சொல்லும் பொறுப்பு, ஓராண்டோ ஈராண்டோ முன்னால் வந்துவிட்ட நம்முடையது. பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்ட, அந்த வரைபடத்தை இந்தக் கோடை விடுமுறைக்குள் வரைந்து முடிப்போம், வாருங்கள், தோழர்களே!